பழி சுமந்தவள்

கார் அடிக்கடி நின்றதற்கு என் மனைவியின் மேல் பழி போட்டேன். தப்பு என்னுடையது.

எங்கள் பழைய காரில், இன்ஜின் சுழற்சியாலேயே இயங்கும் பெட்ரோல் பம்ப் தேய்ந்துபோனது. அதே மாதிரி இன்னொன்று போடலாம் என்றாள் அவள். நானோ எலெக்ட்ரிக் பம்ப் வாங்கி, வேலை சுலபம் என்று இன்ஜின் ஓரமாகவே பொருத்தினேன். அதன்பின் வெயில் நேரத்தில் எங்கள் தம்போய் பகுதி டிராபிக் லைட்டில் கார் அணைந்து நிற்கத் தொடங்கியது.

"உனக்கு ஓட்டத் தெரியல," என்றேன், பிள்ளைகள் முன்னால். அவள் ஓட்டுவதையே விட்டுவிட்டாள். நான் ஓட்டும்போதும் கார் நின்றது, அதை மறைத்தேன். இரண்டு வருடம் அவள் பஸ்ஸில் போனாள்.

கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"இந்த பம்ப் நல்லா தள்ளும் சார், இழுக்காது லா. பெட்ரோல் டாங்கி பக்கத்துல வெக்கணும். இங்க சூட்டுல பெட்ரோல் ஆவியாயிடும், இதால இழுக்க முடியாது. பழைய மாதிரி பம்ப்னா இங்கயே நல்லா இழுக்கும்."

பழைய மாதிரி பம்பையே போட்டுக்கொண்டு வந்து, பிள்ளைகள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ரெங்கம் ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் கையை நீட்டினாள்.

"சாவி கொடுங்க. பக்கத்துல உக்காருங்க. வாய மட்டும் தொறக்காதீங்க."

நான் திறக்கவில்லை. வழியில் கூலாய் ஊரைத் தாண்டியதும் அவளே மெல்லப் பேச ஆரம்பித்தாள்.