சில்லு கிடந்த இடத்துக் கிணறு

செம்மணல்விளையில் இசக்கியம்மாளை எல்லாருக்கும் தெரியும். அதாவது, கிணறு வெட்டும் மந்திரமூர்த்தியின் பெண்டாட்டி என்று தெரியும். அவர் குழிக்குள் இறங்கி வெட்டுவார். இவள் கயிற்றில் ஓலைப்பெட்டியை இறக்கி, மண்ணை மேலே இழுத்து, சும்மாட்டில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவாள். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. கிணற்றுக்குப் பேர் வைக்கும்போது வெட்டினவர் பேரை ஊர் சொல்லும். முதல் குடம் தண்ணீரை, இடம் பார்த்துச் சொன்னவருக்குக் கொடுக்கும். மண் சுமந்தவளுக்கு என்ன கொடுக்கும் என்று யாரும் கேட்டதில்லை. இசக்கியம்மாளும் கேட்கவில்லை, ஆனால் அது அவள் மனசில் இருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் தேரி என்கிற செம்மணல் மேடும் நெருக்கும் இடத்தில் முப்பது வீடுகள், அவ்வளவுதான் ஊர். நாற்பத்தாறாம் வருஷக் கோடையில் ஊர்க்கிணறு உப்பேறிவிட்டது. மந்திரமூர்த்தி புதிதாக இரண்டு வெட்டினார். இரண்டிலும் முதலில் நல்ல தண்ணீர்தான் ஊறியது. ஊற்றுக் கண்டபின் ஒரு ஆள் ஆழம் வெட்டினால்தான் அது கிணறு என்பது அவர் அப்பன் காலத்து வழக்கம். அப்படி வெட்டினார். இரண்டும் உப்பாகிப் போயின. ஆனி முடிந்ததும் ஊரைக் காலி பண்ணித் துறைமுகத்துப் பக்கம் கூலிக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. மாட்டுவண்டி வைத்திருந்த அய்யாக்குட்டி அண்ணாச்சி அவசரக்காரர், ஆட்டுரலை அப்போதே வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டைக் காலேஜ் வாத்தியார் கிருபாநிதி, ஒரு துணிப்பையோடு தேரியில் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். ஊரே தண்ணீருக்கு அலைகிறபோது இந்த மனுஷர் என்ன தேடுகிறார் என்று இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். கல் சில்லுகள். அவள் காலைக் கிழிக்கிற அதே சில்லுகள்.

"இதைப் பொறுக்கி என்ன செய்யப் போறீங்க, சார்?"

"இது தானா உடைஞ்ச கல்லு இல்லம்மா. இரும்பு தெரியாத காலத்து ஆளுங்க கத்திக்கும் அம்புக்கும் தட்டித் தட்டிச் செஞ்சது. பல ஆயிரம் வருஷம் இருக்கும். அப்போ கடலே வேற இடத்துல இருந்திருக்கும்."

"இந்தத் தேரியில ஏது கல்லு? தோண்டத் தோண்ட மணலால்லா வரும்."

"அதான். வெகுதூரத்துல இருந்து சுமந்துட்டு வந்திருக்காங்க."

வாத்தியார் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இசக்கியம்மாள் அங்கேயே நின்றாள். சுமப்பதைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாரம் சுமந்து வருகிறவன் அதை எங்கே இறக்குவான்? தண்ணீர் இருக்கிற இடத்தில் இறக்குவான். வறண்ட தொண்டையோடு உட்கார்ந்து எவன் கல்லைத் தட்டிக்கொண்டிருப்பான்? வெளியூர்களில் தான் மண் சுமந்த கிணறுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். சில்லு காலைக் குத்தின இடம் நாலு. நாலிலும் இன்றைக்கு வரைக்கும் நல்ல தண்ணீர்.

மூன்று நாள் தேரியடிவாரம் முழுக்க நடந்தாள். உடை என்கிற முள்மரம் ஒன்றுக்கு மேற்புறச் சரிவில் சில்லுகள் கொட்டிக் கிடந்தன. மேட்டில் உட்கார்ந்து தட்டினவன் தண்ணீருக்குச் சரிவின் அடிக்குத்தான் இறங்கியிருப்பான் என்று நேரே வந்து புருஷனிடம் சொன்னாள்.

"சில்லைப் பாத்துக் கிணறு வெட்டணுமாக்கும்?" என்று மந்திரமூர்த்தி சிரித்தார். "ஏளா, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கதுக்கு ஊரு இங்கன இருந்தால்லா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மண்வெட்டியைத் தேடி எடுத்தார். மறுநாள் காலை மரத்துக்குக் கீழே மண்வெட்டி விழுந்தது. மணல் சரியாமல் பனைமட்டைத் தட்டி கட்டி இறங்கினார். ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் ஈரமண் வந்தது. பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் இசக்கியம்மாளின் நெற்றி வழியாக உதட்டில் இறங்கியது. இனிப்பு. ஊர் மொத்தமும் குழியைச் சுற்றி நின்றது. கீழே முழங்கால் அளவு ஊறிவிட்டது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. போன இரண்டு கிணற்றிலும் இப்படித்தான் முதலில் உதட்டில் இனித்தது. கடைசிப் பத்துப் பெட்டியில்தான் கரித்தது. நல்ல தண்ணீர் மேலாக நிற்கிறது, உப்பு அதற்கு அடியில் கிடக்கிறது. ஆழம் போகப் போக நாமே உப்பைத் திறந்துவிடுகிறோம். பதினெட்டு வருஷம் மண் சுமந்தவள் உதட்டுக்கு அது இப்போதுதான் விளங்கியது.

"போதும். ஏறி வாங்க" என்றாள்.

"என்னது போதும்? இன்னும் ஒரு ஆள் ஆழம் போகணும். பெட்டியை இறக்கு."

"ஆளாழம் போகாட்டா கோடை தாங்காதும்மா" என்றார் அய்யாக்குட்டி. நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

இசக்கியம்மாள் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "வேணும்னா அகலப்படுத்துங்க, அதுக்கு எத்தனை பெட்டி வேணும்னாலும் சுமக்கேன். ஆழத்துக்கு ஒரு பெட்டி இறங்காது. ரெண்டு கிணத்தை அப்படித்தான் நாம கெடுத்தோம்."

பெட்டி இறங்காமல் வெட்டின மண்ணை என்ன செய்வது? மந்திரமூர்த்தி அண்ணாந்து பார்த்தார். கோபம் முகத்தில் தெரிந்தது. கோபத்தோடேயே குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு மண்வெட்டியை மேலே நீட்டினார்.

அகலமாக வெட்டினார்கள். ஏழு நாள் ஊரே இறைத்துப் பார்த்தது. ஏழாம் நாளும் தண்ணீர் முழங்காலுக்குக் குறையவில்லை, கரிக்கவுமில்லை. அய்யாக்குட்டி வண்டியிலிருந்து ஆட்டுரலை இறக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் இசக்கியம்மாளுக்கு அழுகை வந்தது.

எட்டாம் நாள் முறைப்படி முதல் குடத்தை அவள் இடுப்பில் வைத்தார்கள். அவள் குடத்தோடு சரிவில் ஏறிப் போய், சில்லுகள் கிடந்த மணலில் மொத்தத்தையும் ஊற்றினாள்.

"ஏளா, மொதக் குடத்தைப் போயி மண்ணுல ஊத்துதியே" என்று கீழேயிருந்து அய்யாக்குட்டி பதறினார்.

"இடம் பாத்தவுகளுக்குத்தான மொதக் குடம், அண்ணாச்சி? இடம் பாத்தது இந்தச் சில்லு தட்டினவுக."

வெறுங்குடத்தோடு இறங்கி வந்தபோது, மந்திரமூர்த்தி இரண்டாம் குடத்தைத் தன் கையாலேயே இறைத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இது மண்ணு சுமந்தவளுக்கு" என்று நீட்டினார்.

அவள் வாங்கி, ஊர் பார்க்க, வயிறு நிறையக் குடித்தாள். செம்மணல்விளை ஆனியிலும் காலியாகவில்லை, ஆடியிலும் காலியாகவில்லை. வெட்டினவர் பேரை அந்தக் கிணற்றுக்கு யாரும் வைக்கவுமில்லை. வழி கேட்கிறவர்களுக்கு மந்திரமூர்த்தியே கையை நீட்டிச் சொல்வார்: "அந்தா, இசக்கியம்மா கிணறு."