மறக்காத வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க

எங்கள் ஆபீஸில் பாஸ்வேர்டு விஷயத்தில் நான்தான் பெரிய ஆள். புதுச்சேரியில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் இடம். கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கூட வேலை செய்யும் ஒருத்தியின் மெயிலை எவனோ திறந்து, அவள் பெயரில் எல்லோருக்கும் கண்டதையும் அனுப்பிவைத்தான். அதற்குப் பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஆபீஸுக்குப் பொதுவாக ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் பார்த்துச் சொல்லச் சொன்னார். எல்லா பாஸ்வேர்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, அந்தப் பெட்டியின் சாவியாக ஒரே ஒரு பாஸ்வேர்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆப் அது. என்னை நம்பி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று போனில் ஜோராக ஓடியது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்னொன்று கம்ப்யூட்டரில் இலவசம், போனையும் சேர்த்தால் காசு கேட்டது. வேறொன்று எனக்கு எல்லாவற்றிலும் ஒத்துப்போனது. ஆனால் என் வீட்டுக்காரர் வைத்திருப்பது வேறு கம்பெனி போன், அதில் பாதி வேலைதான் செய்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. எதில் போட்டாலும் மற்றதிலும் வந்து நிற்கும். வீட்டில் ஆளுக்கொரு பெட்டி வைத்துக்கொள்ளலாம், வேண்டியதை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளலாம். அதை நானே செய்து கொண்டுவந்த மாதிரி ஆபீஸில் அலட்டிக்கொண்டேன்.

ஆபீஸில் ஆயிற்று, வீட்டில் ஆயிற்று, மிச்சம் இருந்தது அம்மா.

அம்மா மரக்காணத்தில் தனியாக இருக்கிறாள். இன்னமும் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறாள். நான் பொம்மையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். வாழ்க்கைப்பட்டவள் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நடந்தது என்னவென்றால், காலேஜுக்குப் போகிறேன் என்று பஸ் ஏறியவள் திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரர் வேறு ஜாதி, சொன்னால் எங்கள் வீட்டில் வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பா வெட்டவும் இல்லை, தேடி வரவும் இல்லை. ஒரே ரோட்டில், பஸ் போகிற தூரத்தில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போன வருஷம் அப்பா இறந்துபோனார். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. உள்ளே வந்து உட்காரு என்றாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறேன். மீன் குழம்பு வைப்பாள், சாப்பிடுவேன். பழைய பேச்சை அவளும் எடுக்கமாட்டாள், நானும் எடுக்கமாட்டேன். பேச ஒன்றும் இல்லாததால் எதையாவது ரிப்பேர் செய்துகொடுப்பேன். மிக்ஸி, டிவி வயர், இப்படி எதையாவது. மகளாக இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்போதுதான் அம்மாவின் போன் வாய்க்காலில் விழுந்தது. பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் பாயும் வாய்க்கால். சாதாத் தண்ணீராக இருந்தால் அரிசியில் புதைத்துப் பிழைக்கவைக்கலாம். உப்பளத் தண்ணீர் உள்ளே போனால் அவ்வளவுதான். அம்மா எதற்கும் கலங்காதவள், அன்றைக்குப் போனில் என்னிடம் அழுதாள். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் அதில்தான் இருந்ததாம்.

அப்பாவின் கடைசி முகத்தை நான் பார்க்கவில்லை. நரைத்திருந்தாரா, இளைத்திருந்தாரா, ஒன்றும் தெரியாது. அதைப் பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் போன். விசாரித்ததில், போன் செத்தாலும் படங்கள் அம்மாவின் கணக்கில் பத்திரமாக இருக்கும் என்று புரிந்தது. கணக்கைத் திறக்க பாஸ்வேர்டு வேண்டும். மறந்தால் ஓடிபி அனுப்புவார்கள். அது போகும் நம்பர் அப்பாவுடையது, அவர் போனதும் அதுவும் நின்றுபோனது. ஆக, பாஸ்வேர்டை விட்டால் கதி இல்லை.

அடுத்த ஞாயிறு புதுப் போனோடு போனேன். பெட்டியை அம்மா விரல்ரேகையால் திறக்கட்டும் என்று முதலில் அதைத்தான் முயன்றேன். உப்பு வாரிய கை. ரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடை மெஷினிலேயே விரலைப் புடவையில் தேய்த்துத் தேய்த்துத்தான் வைப்பாள். போன் ஒவ்வொரு தடவையும் மறுபடி வை, மறுபடி வை என்றது. சரி, எழுத்தால்தான் சாவி போடவேண்டும் என்று அதை விட்டுவிட்டு, பழைய கணக்கின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன்.

“எனுக்கு ஞாபகம் இல்லம்மா. போன் வாங்கனப்ப கடைத் தம்பிதான் போட்டுக் குடுத்துச்சு, அதுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடைத் தம்பி என்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருப்பவர். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மெயில் தொடங்கிக் கொடுத்தது அவர்தான். போன் போட்டு யார் என்று சொல்லி விஷயத்தைக் கேட்டேன். பெரியம்மாவை மட்டும் அனுப்புங்கள், நானே போட்டுத் திறந்து தந்துவிடுகிறேன் என்றார். என்னிடமே சொன்னால் என்ன என்றேன். இல்லை, பெரியம்மா வரட்டும் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அம்மாவின் பாஸ்வேர்டை என்னிடம் சொல்லக்கூடாது, ஆனால் அது எவனோ ஒருவன் மண்டையில் இருக்கலாமா? இத்தனை நாள் இந்த ஆள் உள்ளே நுழைந்து படமெல்லாம் பார்த்திருப்பானோ என்றுகூட ஓடியது புத்தி. சோற்றில் கை வைத்தவள் எழுந்துவிட்டேன். கிளம்பும்மா என்றேன். நீ சாப்புடு, நான் அப்புறமா போய்க் கேட்டுக்கினு வர்றேன் என்று அம்மா மன்றாடினாள். என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். நான் கேட்டால்தானே.

கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. ஆதார் திருத்த வந்த இரண்டு பெண்கள் பெஞ்சில் இருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள்தான். அவர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, குடுங்க பெரிம்மா, நானே போட்டுடறேன் என்று போனுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. புது ஆப்பில் ஏற்றவேண்டும், சொன்னால் நானே அடித்துக்கொள்வேன் என்றேன். எழுதித் தருகிறேன் என்று ஒரு துண்டுத் தாளை எடுத்தார். நான் விடுவேனா? ஆபீஸில் பேசுகிற பேச்சையெல்லாம் அங்கே எடுத்துவிட்டேன். அடுத்தவர் பாஸ்வேர்டை வைத்திருப்பது எவ்வளவு பெரிய தப்பு, படிக்காத ஜனங்களை இப்படித்தான் ஏமாற்றுகிறீர்கள் என்று என்னென்னவோ. பெஞ்சில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இன்னும் சத்தமாகப் பேசினேன்.

“அப்படி என்ன ரகசியம் தம்பி? எல்லார் எதிரயும் சொல்லுங்க, நானும் கேக்கறேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கினமாதிரி இருந்தது. அதையும் நான் திருட்டுமுழி என்று நினைத்தேன்.

அம்மாதான் சொன்னாள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில்.

“ஓடிப்போனவ அம்மா. இங்கிலீஷ் எழுத்துல. நடுவுல எடம் உடாம சேத்து அடி.”

என் விரல் போன் மேலேயே நின்றுவிட்டது. முதலில் அது பாஸ்வேர்டு என்றே எனக்கு உறைக்கவில்லை, என்னைத் திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் புரிந்தது. பெஞ்சைப் பார்த்தேன். அந்தப் பெண்கள் ஆச்சரியப்படவே இல்லை. ஒருத்தி தன் தாள்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஊரில் யாருக்கும் புதிதில்லாத ஒன்று எனக்கு மட்டும் புதிதாக இருந்தது.

“மறக்காத வார்த்தையா ஒண்ணு சொல்லுங்கன்னு தம்பி கேட்டுச்சு. எல்லாம் என்னை அப்டித்தான் கூப்புடறாங்க. வேற இன்னா சொல்றது?” என்றாள் அம்மா.

வேற ஏதாவது வைக்கலாம் என்று தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாக அவர் முணுமுணுத்தார், தப்பு செய்தவர் அவர் என்பதுபோல. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே வந்து நின்றுகொண்டேன். அம்மா அவரிடம், மனசுல வெச்சிக்காதப்பா, அது கோவக்காரி என்று எனக்காகச் சொல்லிவிட்டு வந்தாள்.

வழியெல்லாம் அம்மா மழை வருமா, பாத்தியெல்லாம் முழுகிடுமா என்று பேசிக்கொண்டே வந்தாள். நான் உம் கொட்டினேன். ஊரில் என்னைப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும் என்று திமிராகத்தான் இருந்தேன். நான் போனபிறகு ஒட்டுமொத்தமாக அம்மாவின் பெயரையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. அவளோடு உப்பு வாரப்போகிறவர்கள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவளும் திரும்பி என்ன என்று கேட்டிருக்கிறாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து அடித்தேன். கணக்கு திறந்தது. ஒவ்வொன்றாகப் படங்கள் வந்தன. பாதி ஆடிப்போனவை, பாதியில் அம்மாவின் கட்டைவிரல். அப்பா முழுசாக நரைத்திருந்தார். இளைத்து, கழுத்தெலும்பு துருத்தி, நான் வாங்கித் தராத ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இது ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கி, இது இட்லி கேட்டாரே அன்னிக்கி என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிறகு ஒரு வீடியோ. அப்பா போனைப் பார்த்து ஏதோ சொல்ல வருகிறார், லேசாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். அப்போது வெளியிலிருந்து ஒரு பெண் குரல், அன்பாகத்தான், “ஏ ஓடிப்போனவ அம்மா, அவுருக்குக் கஞ்சி குடுத்தியா?” என்கிறது. அப்பா சிரிப்பை நிறுத்தினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீடியோ முடியும்வரை திரும்பவே இல்லை.

அம்மா சட்டென்று அடுத்ததைத் தள்ளிவிட்டாள். நான் மறுபடி போடு என்று கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். அம்மா தட்டுப் போட்டு, ஆறிப்போன குழம்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள்.

சாப்பிட்டபின் பெட்டிக்குச் சாவி போடும் வேலை மிச்சம் இருந்தது. படங்கள் இருக்கும் கணக்குக்கு ஆப்பே யாருக்கும் புரியாத நீளமான பாஸ்வேர்டைப் போட்டுவிட்டது. பெட்டியின் சாவியை மட்டும் அம்மா மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பழசு வேண்டாம்மா, வேற வைக்கலாம் என்றேன். அப்பா பெயர் சொன்னேன், எல்லையம்மன் பெயர் சொன்னேன். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. பழைய போனின் பூட்டுக்கும் அதையே வைத்திருந்ததால், கடைத் தம்பி சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வரிசை மட்டும் விரலுக்குப் பழகியிருந்தது. புதுசாகச் சொன்னதையெல்லாம் இரண்டாவது எழுத்திலேயே விட்டுவிட்டாள்.

“அதையே வையி. என் கைக்கு அதான் வருது” என்றாள்.

“கடையில எல்லாரும் கேட்டாங்களேம்மா.”

“கேட்டா கேட்டுக்கினு போறாங்க. அவங்களுக்குத் தெரியாததா?”

போனை அவளிடமே கொடுத்தேன். ரேகை தேய்ந்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். கீழே இருந்த கோடு சிவப்பிலிருந்து மஞ்சளாகி, எழுத்து நீள நீளப் பச்சையானது. மிகவும் வலுவானது என்று காட்டியது. இன்னா சொல்லுது என்று கேட்டாள். நல்லாருக்குன்னு சொல்லுதும்மா என்றேன். சரிபார்க்க மறுபடி ஒருமுறை அடிக்கச் சொன்னது. அம்மா மறுபடியும் அடித்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.