ஓடைக் கல்லில் விழுந்தவர்

சைகோனுக்கு நான் வந்த முதல் வருஷம். என் கணவருக்குத் தபால் ஆபீசில் வேலை. பென் தான் என்ற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பியென் ஹோவாவுக்கு அப்பால் கூட்டிப் போனார். அங்கே காட்டுக்குள் பிரெஞ்சுக்காரர்கள் உலாவப் பாதை வெட்டியிருந்தார்கள். கடைசியில் அருவி இருக்கிறதாம்.

அருவி வரை போகவில்லை. ஓடையைத் தாண்டும்போது பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தார். கணுக்காலுக்கு மேல் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு தெரிந்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் கூட்டிட்டு வா," என்றார்.

"உங்களை விட்டுட்டு எப்படிப் போவேன்?"

"இங்கேயே உட்கார்ந்திருந்தா யாரு வருவா? போ."

ஓடினேன். மழை பிடித்துக்கொண்டது. பாதை பிரிந்த இடத்தில் வந்த வழி எதுவென்று தெரியவில்லை. ஒன்றில் போனேன், மூங்கில் புதரில் முட்டி நின்றது. திரும்பினால் பிரிவையே காணோம். காலெல்லாம் அட்டை. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், தொண்டை கிழிய அவர் பெயரைக் கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

பிரம்புக் கட்டோடு அந்த நாட்டுக்காரி, ஓர் அனாமியப் பெண், எதிரே வந்தாள். அவள் பாஷையில் மீனும் கீரையும் வாங்க மட்டும்தான் எனக்குத் தெரியும். தாலியைத் தூக்கிக் காட்டினேன். விழித்தாள். ஓடும் தண்ணீர் போலக் கையை அசைத்து, ஒரு குச்சியை ஒடித்து, என் காலில் வைத்துக் காட்டினேன். அவள் பிரம்புக் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நாங்கள் ஓடைக்குப் போனபோது அவருக்கு நினைவில்லை. அவள் ஓடிப்போய் தன் ஆட்களை அழைத்து வந்தாள். மூங்கிலில் தொட்டில் கட்டி அவரைத் தூக்கினார்கள்.

சைகோன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று கண்டு, தன் முழங்காலுக்குக் கீழே கையால் அறுப்பது போலக் காட்டினார். கேட்க வேறு யாருமில்லை. சரி என்று தலையசைத்தேன்.

கண் விழித்தவர் கால் இருந்த இடத்தில் போர்வையைத் தடவினார்.

"யாரு சரின்னு சொன்னது?"

"நான்தான்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுவதும் நான் கொடுத்த கஞ்சியை வாங்கவில்லை. மறுநாள் வாங்கினார்.