பாய்லர் அலுமாரியில் வியர்த்த முருகன்

செவ்வாய்க்கிழமை காலை குணம் அண்ணையின் மகள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா மோசம் போயிட்டார், மாமா" என்றாள். "வியாழக்கிழமை பாய்லர் பாக்க வாறன் எண்டவரே" என்று நான் பதில் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். ஐம்பத்திரண்டு, சாகிற வயதா? நெஞ்சு நோகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹரோவில் நம்மில் பலருடைய வெந்நீர், எரிவாயு பாய்லர் பொருத்தித் திருத்தும் அவர் கையால் வந்தது. "பாய்லர் பொய் சொல்லாது, வீட்டுக்காரர்தான் சொல்லுவினம்" என்பார். என்னை வைத்தே அதைச் சொன்னார் என்று இன்று தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் வாங்கிய வீட்டில் சாமி அறை கிடையாது. கதவு உள்ள, சப்பாத்துக் கால் படாத ஒரே இடம், குணம் அண்ணை பாய்லரைப் பொருத்திப் பூட்டித் தந்த அலுமாரி. முருகனை அங்கே குடிவைத்தேன். படம் பெரிது. புகைக்குழாயைச் சற்றுத் தள்ளி இடம் எடுத்தேன். அந்த மாரிக் குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை முருகனின் முகத்தில் நீர் வழிந்தது. மூன்றாம் வெள்ளி இருபது பேர் தேவாரம் பாட வந்தார்கள். என் மனைவி வசந்தாவுக்குத் தினமும் தலையிடி, மயக்கம். அருள் என்றார்கள். நாலு புத்தகம் படித்தவன் என்பதால் நான் அதற்கு விளக்கமும் கொடுத்தேன்.

நாலாம் வெள்ளி குணம் அண்ணையும் வந்தார். படத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், கும்பிடாமல் பாய்லரை நிறுத்தினார்.

"எல்லாரும் தோட்டத்துக்குப் போங்கோ. கெதியா!"

"அண்ணை, பூசை நடக்குது!" என்றாள் வசந்தா.

"முருகன் பொறுப்பார், பிள்ளை. நீர் முதல் வெளியிலை போம்."

எல்லோரும் போனதும் குழாயின் கழன்ற பொருத்தை எனக்குக் காட்டினார். "வெளியாலை போக வேண்டிய நீராவி இந்தக் குளிர்ந்த கண்ணாடியிலை பட்டு வடியுது. அதோடை வாற நஞ்சுக்கு மணமில்லை. வசந்தாப் பிள்ளையை உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம்." படத்தைத் தூக்கினார். அது மறைத்திருந்த சுவரில், குழாயைத் தொடக்கூடாது என்ற அறிவிப்பு ஒட்டியிருந்தது. "எவ்வளவோ வாசிக்கிற ஆள் நீர். இதையும் ஒருக்கா வாசிச்சிருக்கலாம்."

தோட்டத்தில் குளிரில் நின்றவர்களிடம் குழாய் கழன்ற விஷயத்தை மட்டும் சொன்னார்.

"நீங்கள் பூட்டின குழாய்தானே, அண்ணை?" என்று வசந்தா கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை. என்ரை பிழைதான்."

இன்னும் இரண்டு கிழமை போயிருந்தால் அவள் தப்பியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். அதன்பின் வசந்தா அவருக்குத் தேநீர் கொடுத்ததில்லை. இருபது பேரில் பலர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். அவரோ ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் வந்து எங்கள் குழாயைப் பார்த்துவிட்டுப் போனார். ஒருமுறை, "சொல்லிப்போட்டீரோ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமை சொல்கிறேன் என்றேன்.

அவரை அறிந்தவர்களே, அந்தக் குழாயைத் தள்ளியவன் நான். அவரால் எனக்கு மிஞ்சியவள் வசந்தா. இந்த அஞ்சலிக் குறிப்பை முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டாள். பிறகு குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு குணம் அண்ணை வீட்டுக்கு நடந்தாள். என்னை வரச் சொல்லவில்லை.