எல்லாக் காய்க்கும் நாலு டிகிரி

மாமல்லபுரம் கடையின் பின்வாசலில், சரக்கு இறக்கும் மேடையின் மேல், இரண்டாகப் பிளந்து வைத்த ஒரு கத்திரிக்காய். தோல் ஊதா நிறத்தில், விளம்பரத்தில் வருவதுபோல் பளபளத்தது. உள்ளே விதையெல்லாம் கறுத்து, சதை பழுப்பேறிக் கிடந்தது. புழு இல்லை, பூச்சி இல்லை. பிளந்தவர் எங்கள் நிறுவனத்தின் குளிர்வண்டியை ஓட்டிய டிரைவர். "இது இன்னா நோவு சார்? படிச்சவரு, நீங்க சொல்லுங்க" என்றார். எனக்கு அந்த நோயின் பெயர் தெரியும். அதை வரவழைத்தவன் யார் என்பதும் தெரியும். "பார்க்கிறேன்" என்றேன். என் பணிக்காலம் முழுவதிலும் நான் கற்றுக்கொண்டவற்றில் மிகவும் பயன்பட்ட சொல் அதுதான்.

அப்போது நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் சேகரிப்பு மையம் இருந்தது. சுற்றுவட்டார ஊர்களின் காய்கறி அங்கே வந்து, தரம் பிரிந்து, பெட்டியில் அடைந்து, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் கடைகளுக்குப் போகும். காய் கடையில் கெடுகிறது என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கடைக்கு வரும் முன்பே கெட்டுவிட்டிருக்கும். கடையில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். கீரைக்கட்டைக் குட்டையில் முக்கி எடுத்து அனுப்புவார்கள். பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும், மதியத்துக்குள் கட்டின் நடு அழுகிவிடும். தக்காளிப் பெட்டியை இறக்குகிறவர் பொத்தென்று போட்டால், அந்தப் பொத் மூன்றாம் நாள் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் கசியும். மேல் பெட்டி கீழ்ப் பெட்டியின் காயில் உட்காரக்கூடாது, கையால் அழுத்திப் பார்க்கக்கூடாது, வேகத்தடையில் வண்டியைத் துள்ளவிடக்கூடாது. இதற்கெல்லாம் நடைமுறை எழுதியவன் நான். எத்தனை விரலால் வெண்டைக்காயைப் பிடிக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறேன். எழுதத் தெரிந்தவன் என்று ஊழியர் விசாரணை விதிகளையும் என்னையே எழுதச் சொன்னார்கள். யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

குளிர்வண்டி வாங்கியபோது அதற்கும் எழுதினேன், இரண்டு பக்கம். முதல் பக்கம் கீரை, கேரட், முட்டைக்கோசுக்கு: நாலு டிகிரி. இரண்டாம் பக்கம் கத்திரி, வெண்டை, வெள்ளரிக்கு: பன்னிரண்டுக்குக் கீழே போகக்கூடாது. இவை வெயிலில் பிறந்த காய்கள். அதிகக் குளிரில் இரண்டு நாள் வைத்தால் வெளியே மினுமினுக்கும், உள்ளே செத்துவிடும். மண்டல மேலாளர் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பார்த்துவிட்டு, "சார், வண்டிக் கதவுல ஒட்டணும். ஒரு பக்கமா குடுங்க" என்றார். கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தின் தலைப்பில் 'கீரை, கேரட், முட்டைக்கோசு' என்று இருந்ததை அடித்து 'அனைத்துக் காய்கறிகள்' என்று மாற்றினேன். லேமினேட் செய்த அந்தத் தாள் மிக அழகாக இருந்தது. தவறு என்று தெரியாமல் செய்தவர்களுக்கு மன்னிப்பு உண்டு. நான் அந்த வகை இல்லை.

டிரைவர் திருக்கழுக்குன்றத்துக்கு வடக்கே ஒரு ஊர்க்காரர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் காய் பறித்தவர்கள். இவரும் பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் பறித்தவர்தான். கடைகளில் கழித்துக்கட்டும் காயை டிரைவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது எங்களிடம் வழக்கம். ஒரு நாள் அப்படிக் கொண்டுபோன கத்திரிக்காயை அவர் மனைவி அரிவாள்மணையில் வைத்து நறுக்கிவிட்டு, "இன்னாய்யா, சுடுகாட்டாண்டயிருந்து எடுத்துகினு வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி அவரைக் குடைந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை ஏற்றும் சரக்கு, ஞாயிறு முழுக்க வண்டிக்குள்ளேயே நாலு டிகிரியில் நின்று, திங்கள் காலைதான் கடைகளுக்குப் போகும். ஒரு சனிக்கிழமை, ஒரே தோட்டத்துக் கத்திரிக்காயில் ஒரு பெட்டியை மட்டும் ஈரச்சாக்கு போட்டு மூடி, வண்டியின் முன்பக்கத்தில், தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மற்றவை பின்னால் குளிரில் இருந்தன. புதன்கிழமை, தன் பெட்டியிலிருந்தும் மாமல்லபுரம் கடையில் இறக்கிய பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு காயை எடுத்து நறுக்கினார். மேடைமேல் என்னிடம் காட்டியது பின்னாலிருந்து எடுத்தது. இன்னொன்று வெள்ளைவெளேரென்று இருந்தது. நான் எடுத்துவிட்ட இரண்டாம் பக்கத்தை அந்த மனிதர் ஒரு சாக்கையும் ஒரு கத்தியையும் வைத்துத் திரும்ப எழுதியிருந்தார்.

நான் "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். கீரைக்குத் தனி வண்டி என்பதால், தன் வண்டியில் கத்திரியும் வெண்டையும் மட்டும் ஏறிய வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை குளிரை நிறுத்திவிட்டு, பின்கதவை இரண்டு விரல் அளவு திறந்து சங்கிலி போட்டுவிடுவார். சில வாரம் யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமைக் காயைப் பற்றி வரும் புகார் குறைந்தது மட்டும் தெரிந்தது. அதற்கு மேலாளர் தன் மேற்பார்வையே காரணம் என்று மேலிடத்துக்கு எழுதினார். அதன்பின் வண்டிக்குள் வெப்பநிலையைத் தானாகப் பதியும் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அது டிரைவரைக் காட்டிக்கொடுத்தது. குற்றச்சாட்டு: குளிர்சாதனத்தை வேண்டுமென்றே நிறுத்தியது, கதவைத் திறந்து வைத்தது. உத்தேசத் தண்டனை: வேலை நீக்கம். விசாரணை அதிகாரி: நான்.

விசாரணையில் மேலாளரும் உட்கார்ந்திருந்தார். குற்றம் சாட்டியவர் உட்காரக்கூடாது என்பது விதி, சொன்னேன், சிரித்தார், கேள்வியையும் அவரே கேட்டார்.

"ஆஃப் பண்ணது யாருய்யா?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"காய் செத்துப்பூடுது சார்."

"செடியில பறிச்சப்பவே அது செத்துப்போச்சு."

"அது உங்க ஏரியாவுல சார். எங்க பக்கம், சட்டிக்குப் போறவரிக்கும் மூச்சு வுட்டுகினுதான் கீது."

முதுகலை வகுப்பில் ஒரு பருவம் முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மேலாளர் ஒரு தாளை நீட்டினார். தவறு செய்துவிட்டேன், மன்னியுங்கள், இனி செய்யமாட்டேன் என்று தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை மிச்சம். டிரைவர் வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள், மனைவிக்கு வேலையில்லை. அவர் தாளை நிதானமாகப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"தப்பு பண்ணவங்களாண்ட வாங்குங்க சார் இத்த" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அன்று மாலை என் அறிக்கையை எழுதினேன். குற்றச்சாட்டில் உள்ள செயல்களை டிரைவர் செய்தது உண்மை. செய்யாதிருந்தால் காய் கெட்டிருக்கும். தவறு நடைமுறையில் இருக்கிறது. அதை எழுதியவர் இந்த அறிக்கையில் கையொப்பமிடுபவர். மேலாளர் அதைப் படித்துவிட்டு என் அறைக்கே வந்தார்.

"ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட இல்ல. இதெல்லாம் எதுக்கு சார்?"

"இருக்கிற நாளுக்கு எனக்கு வேற பொழுதுபோக்கு இல்ல சார்."

"டிரைவர் கவனக்குறைவுன்னு ஒரு வரி மாத்துங்க. அவனுக்கும் வார்னிங்கோட முடிச்சிடலாம்."

"மாத்தச் சொல்லி எழுத்துல குடுங்க. மாத்திடறேன்."

எழுத்தில் கொடுக்கவில்லை. அந்த வகை மனிதர்கள் கொடுக்கமாட்டார்கள். நீக்கலாம் என்று விசாரணை அதிகாரி எழுதித் தராமல் யாரையும் நீக்க முடியாது என்று நான் எழுதிய விதி ஒன்று இருந்தது. கோப்பு அலமாரிக்குள் போனது, டிரைவர் வண்டிக்குத் திரும்பினார். ஆனால் கதவில் இருந்த தாளை மாற்ற யாரும் ஒப்புதல் தரவில்லை. மாற்றினால் இத்தனை நாள் தவறு என்று ஆகிவிடுமாம். அவசரத் தேவைக்குத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி முப்பது நாளுக்கு ஓர் இடைக்கால உத்தரவு போடலாம் என்று இன்னொரு விதி. போட்டேன். இரண்டு பக்கத்தையும் கதவில் ஒட்டினேன். முப்பதாம் நாள் மீண்டும் போட்டேன். ஓய்வு பெறும் நாள்வரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. வேறு எந்த வேலையையும் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

டிரைவர் எனக்கு ஒருபோதும் நன்றி சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசி நாள் அன்று மட்டும் வண்டியை என் அறை வாசலில் நிறுத்தி, "இனிமே யாரு சார் மாசாமாசம் கையெழுத்து போடுவாங்கோ?" என்று கேட்டார். புதிதாக வருகிறவரிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். "பார்க்கிறேன்னாரா?" என்றார். ஆமாம் என்றேன். இருவரும் சிரித்தோம், அவர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

இப்போது நான் செங்கல்பட்டில், ஏரிக்கு அருகே குடியிருக்கிறேன். நேற்று அவர் தொலைபேசியில் அழைத்தார். உத்தரவு காலாவதியாகிவிட்டதாம், இரண்டாம் பக்கத்தைக் கதவிலிருந்து கிழித்துவிட்டார்களாம்.

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா செய்வேன்? ஆஃப் பண்ணிட்டேன். மறுபடியும் விசாரணைங்கிறாங்கோ. அதே தாளு சார். எம்பேரு கூட அப்பிடியே கீது, தேதிய மட்டும் மாத்திக்கினு வந்துட்டானுங்கோ."

"கையெழுத்துப் போடாதீங்க."

"போடறதா இருந்தா உனுக்கு எதுக்கு சார் போன் பண்றேன்?"

குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குத் துணையாக ஒருவரை விசாரணைக்கு அழைத்து வரலாம். அவர் பணியில் இருப்பவராகவோ ஓய்வு பெற்றவராகவோ இருக்கலாம். இதையும் நான்தான் எழுதினேன். வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் விதியில் பார்த்து, யோசிக்காமல் அப்படியே எடுத்துப் போட்டது. நாளைக் காலை பத்து மணிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் மையத்தில் இருக்க வேண்டும். முதல் வேலையாக மேலாளரை அறையைவிட்டு வெளியே போகச் சொல்வதாக இருக்கிறேன். இந்த முறை சிரித்தால், சிரித்ததைக் குறிப்பில் பதியச் சொல்வேன்.

"ஜெயிப்போமா சார்?" என்று கேட்டார் டிரைவர், போனை வைக்கும் முன்.

"தெரியாது. ஆனா மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடலாம்னு அவங்க நெனச்சிருந்தா, அது நடக்காது."