புகைக்கு என்று சொன்ன வேலை

பட்டுப் புடவை விற்கிறவனுக்கு வாய் எவ்வளவு முக்கியமோ, தீப்பெட்டியும் அவ்வளவு முக்கியம். ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். கால் வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. என்னைப் போல் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கே அது தெரியும். போன மாதம் ஒரு சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை என்னைப் பாடாய்ப் படுத்திய சங்கதியைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று முறை முகர்ந்த அம்மா

சனிக்கிழமை காலை போளூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். பெண்ணுக்குக் கல்யாணப் புடவை. சுத்தப் பட்டு என்று ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினேன், மசியவில்லை. முந்தானை நுனியில் ஒரு இழையை உருவி, குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தேன். அசல் பட்டு என்றால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். மூன்று முறை முகர்ந்து பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

"லேபிள்ல இன்னா வேணா எழுதலாங்க, எரிச்சாதான் தெரியும்" என்றார்.

நிவேதாவுக்கு வந்த மெயில்

அன்று மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனால், என் மகள் நிவேதாவுக்கு வேலை கிடைத்திருந்தது. கெமிஸ்ட்ரி எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருஷமாக அலைந்தவள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன வேலை என்று கேட்டேன். பீரங்கிக் குண்டுக்குள் வெள்ளைப் பாஸ்பரஸ் நிரப்புகிற தொழிற்சாலையாம், அதில் தரம் பார்க்கிற வேலையாம்.

அவளே விளக்கினாள். அது காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். எழும்புகிற புகையில் சிப்பாய்கள் மறைந்து நகர்வார்கள். கம்பெனி சொல்வதும் புகைக்கு என்றுதான். ஆனால் மனுஷன் மேல் பட்டால் எலும்பு வரை எரிக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்தாலும், ஈரம் காய்ந்தால் திரும்பப் பற்றும். புகைக்குப் போட்டால் சட்டம் விட்டுவிடுகிறதாம், ஜனங்கள் இருக்கிற இடத்தில் கொளுத்தப் போட்டால் குற்றமாம். குண்டு என்னவோ ஒன்றேதான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன சொல்ல என்று கேட்டாள். பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

கடையில் என்னோடு நிற்கும் குமரேசனிடம் புலம்பினேன். அவன் மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம விக்கிற புடவையைக் கட்டிகினு எங்க போறாங்கன்னு நாம கேக்கறமாண்ணே?"

பெரணமல்லூர் மிலிட்டரிக்காரர்

ஞாயிற்றுக்கிழமை, பெரணமல்லூரிலிருந்து ரிடையர் ஆன ஒரு பீரங்கிப் படைக்காரர் மனைவியோடு வந்தார். வாடிக்கையாளரிடம் யுத்தத்தைப் பற்றியெல்லாம் நான் பேசுவதே இல்லை. அன்று அடக்க முடியாமல் அந்தப் பாஸ்பரஸ் குண்டைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அந்தப் புகை மட்டும் இல்லாமல் போயிருந்தால், தன்னோடு இருந்த ஆறு பேர் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விழுகிற இடத்தில் வீடு வாசல் இருந்தால் என்றும் கேட்டுத் தொலைத்தேன்.

புடவையின் பார்டரை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "மேப்ல குறிச்ச எடத்துலதான் தம்பி அடிப்போம். அங்க யாரு சோறு ஆக்கிகினு இருந்தாங்கன்னு மேப்ல போட்டிருக்காது."

வெளியே போய் நின்ற நர்ஸ்

அன்றைக்கே சாயங்காலம் அக்கா தங்கை இருவர் வந்தார்கள். அக்கா இழையை எரித்துக் காட்டச் சொன்னார். குச்சியைக் கிழித்ததுதான் தாமதம், தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தீக்காய வார்டில் நர்ஸாம், அந்த நாற்றம் தாங்காமல்தான் லீவே எடுத்தாராம், அக்கா சொன்னார். சங்கடமாகப் போய்விட்டது. தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே ஓடினேன்.

மன்னிப்புக் கேட்கப் போனவன், மூச்சு விடாமல் நிவேதா கதையைக் கொட்டினேன். பாஸ்பரஸ் காயத்தை அவர் பார்த்ததில்லை. மற்ற தீக்காயத்துக்குக் கட்டுப் பிரிக்கும்போதே பெரிய ஆண்கள் அம்மா என்று அலறுவார்களாம். அதுவே திரும்பப் பற்றுகிற காயம் என்றால் எப்படிக் கட்டுப் போடுவது என்று யோசித்தார். புகைக்காகத்தானேம்மா செய்கிறார்கள் என்று, என்னையே தேற்றிக்கொள்வது போல் சொன்னேன்.

"எதுக்காகப் போட்டாங்கன்னு தோலுக்குத் தெரியாதுங்க."

திங்கட்கிழமை காலை

'வேண்டாம்மா' என்று சொல்லத்தான் எழுந்தேன். பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. அவளெதிரே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு வருஷம் அலைந்தால்? உன்னால்தான் போச்சு என்று நாளைக்குச் சொன்னால்? இதைவிட வெட்கக்கேடு, உள்ளுக்குள் பாதி மனசு அந்த வேலைக்கு அவள் போகட்டும் என்றே அடித்துக்கொண்டது. என்னைப் போல் பிள்ளை பெற்றவர்கள் இதைப் புரிந்துகொள்வீர்கள்.

உன் இஷ்டம்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன். அவள் போனில் எதையோ தட்டினாள்.

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு சனிக்கிழமலேர்ந்து பாத்துகினே இருந்தேன்பா. இப்பதான் சரின்னு மெயில் போட்டேன்."

'இந்தக் கலர் உங்களுக்கு வேண்டாம்' என்று முன்பின் தெரியாதவர்களிடம் பதினெட்டு வருஷமாகக் கூசாமல் சொல்லிவருகிற வாய்க்கு, பெற்ற பெண்ணிடம் அதில் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லத் துப்பில்லை.