கழற்ற மறந்த மைக்

ஈப்போவில் எந்த மார்க்கெட் என்று கேட்காதீர்கள். கல்லூரி ஆவணப்படத்துக்காக இன்று ஒரு தேங்காய்க் கடையைப் படம் பிடித்தோம். அப்பா படுத்த படுக்கையானதிலிருந்து மகள்தான் கடையை நடத்துகிறாள்.

நான் ஒலிப்பதிவு. "அந்தத் துருவுற மெஷின ஆஃப் பண்ணுங்க லா, ஒரு மண்ணும் கேக்கல" என்று எரிந்து விழுந்தேன்.

நிறுத்திவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவள் சட்டையில் மைக் இருந்ததை இருவருமே மறந்துவிட்டோம். என் ஹெட்போனில் கேட்டது.

"ஆமாப்பா, எல்லாரும் ஒங்களத்தான் கேக்குறாங்க. எப்ப வருவாருன்னு ஒரே தொல்ல லா!"

காலையிலிருந்து அங்கேதான் நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

படத்தை முதலில் அந்த அப்பாவுக்குத்தான் போட்டுக்காட்டப் போகிறோம். அந்தப் பேச்சை அழித்துவிட்டேன்.

"என்ன மச்சான், பதிவாகலயா?" என்றான் இயக்கும் நண்பன்.

"பேட்டரி போச்சுடா."

நாளை தேங்காய் வாங்கப் போகிறவர்கள், கடையில் ஒரு பெண் நின்றால், அப்பா எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு வாருங்கள். கடை மாறினாலும் பரவாயில்லை.